அம்மாச்சி படத்திறப்பில் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். ஐந்து நிமிஷம் பேசு என்று மாமா சொல்லியிருக்கிறார். சரி, பார்க்கலாம்.

இந்தப் படத்துக்காக வீடு முழுக்கத் தேடினோம். அம்மாச்சி தனியாக நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படங்களில் எல்லாம் பந்திப் பக்கம், பாதி முதுகுதான் தெரிகிறது. கடைசியில், வேலைக்கு மனுப் போடும்போது எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம். அதனால்தான் இந்த முறைப்பு.

1982 ஜூலை 1-ஆம் தேதி, நம்ம திருச்சி பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தார். தாத்தா போய் வருஷம் திரும்பாத நேரம். அம்மாச்சிக்கு வயது 38. அம்மாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, நான் கைக்குழந்தை, மாமாக்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில். கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று யாரோ சொல்ல, நம்மூர்ப் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தார். அப்புறம் 20 வருஷம் அந்த விறகடுப்புதான்.

தொடக்கப் பள்ளியில் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. எண்பது பேர் வந்தால் எட்டுக் கிலோ. அம்மாச்சிக்குக் கையெழுத்து வராது, கணக்கு வரும். அதைவிட, தட்டை நீட்டுகிற விதத்திலேயே எந்த வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். மறுநாள் காலை அந்தப் பிள்ளை எங்கள் திண்ணையில் இருக்கும். பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். சில நாள் ஆறேழு பேர். எனக்கு வயிறு எரியும். என் பங்கு குறைகிறது என்று நேராகவே சொல்லியிருக்கிறேன். "உனக்கு மத்தியானம் போட ஆயா இருக்குல்ல" என்பார்.

1989-ல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் மூன்றாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்காருகிறவன் முட்டையைத் தின்னாமல் டவுசர் பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் இருக்கும் தங்கச்சிக்காம். பள்ளி விடுவதற்குள் அது பையிலேயே நசுங்கி, மஞ்சள் கரு தொடை வரை அப்பிக்கொண்டு, எல்லோரும் சிரிக்க, அவன் அழ. அம்மாச்சி கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டார். முட்டையை அங்கேயேதான் சாப்பிட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆனால் அடுத்த தடவை அவன் கைக்கு வந்த முட்டை பூவரச இலையில் சுற்றி, வாழைநாரால் கட்டியிருந்தது. நானும் கேட்டேன். எனக்கு இலை கிடைக்கவில்லை. அவன் இந்தப் பந்தலில்தான் இருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன், அவனே சிரித்துக் காட்டிக்கொடுக்கிறான்.

மாமாக்கள் படித்ததும் சித்தப்பா கடனை அடைத்ததும் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

காமராசர் மதிய உணவு கொண்டுவந்தது 1956-ல். அப்போது அம்மாச்சிக்கு 12 வயது. அதற்கு முன்பே பள்ளியை விட்டு மாடு மேய்க்கப் போய்விட்டார். "எனக்கு வரவேண்டிய சோறு லேட்டா வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலை உணவு மதுரையில் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பாக்கு இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தி, பிள்ளைகள் சாப்பிடுவதையே பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "நாப்பது வருஷம் லேட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உப்புமாவுக்குத் தண்ணி பத்தாது போல" என்றும் சொன்னார்.

அங்கே பந்தி தயார் என்று கை காட்டுகிறார்கள். அம்மாச்சி இருந்திருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பார். சோறு ஆறுகிறது, எழுந்திருங்கள்.