இன்னொரு மாத்திரை வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோயுள்ள வயதான தாய்க்கோ தந்தைக்கோ பிரஷர் திடீரென்று ஏறினால், வீட்டில் பலருடைய கை முதலில் போவது மாத்திரை டப்பாவுக்குத்தான். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒருநாள் இரவு ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். “டாக்டர், அம்மாவுக்கு பிரஷர் 200 காட்டுகிறது. இன்னொரு மாத்திரை கொடுக்கட்டுமா?” குரல் நடுங்கியது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உண்டா, பேச்சு குழறுகிறதா, முகமோ கைகாலோ ஒரு பக்கம் இழுக்கிறதா, பார்வை மங்குகிறதா, ஆள் குழம்பிப் பேசுகிறாரா என்று கேட்டேன். எதுவும் இல்லை. பிரஷர் கருவியின் பட்டையை எங்கே சுற்றினீர்கள் என்றேன். சட்டைக் கையின் மேலேயே சுற்றியிருக்கிறார். அம்மா கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். சிறுநீரை வேறு அடக்கியிருக்கிறார். கழிவறைக்குப் போய்வரச் சொன்னேன். பிறகு நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்துவிட்டு, வெறும் கையில் அளந்தார்கள். 158.

மாத்திரை கொடுத்திருந்தால்? பிரஷரை மளமளவென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் குறைந்துவிடும். பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். பிரஷரைச் சட்டென்று இறக்க நிஃபெடிபின் என்ற மருந்தை நாக்கின் அடியில் விடும் பழைய வழக்கத்தை மருத்துவர்கள் கைவிட்டது இதனால்தான். மறுபடியும் சொல்கிறேன்: மருத்துவர் சொல்லாமல் கூடுதல் மாத்திரை வேண்டாம்.

ஆனால் பிரஷரின் மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 120-ஐயோ தாண்டி, நான் கேட்ட அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். பக்கவாத அறிகுறி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் எண் எதுவாக இருந்தாலும் அழையுங்கள். அறிகுறி இல்லாமல் இரண்டாம் முறையும் அதே அளவு காட்டினால், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நரம்புகள் பாதிக்கப்பட்டவருக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். ஆகவே திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி ஆகியவற்றையும் நெஞ்சுவலிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே சர்க்கரையையும் பாருங்கள். அது தாழ்ந்தாலும் வியர்வையும் நடுக்கமும் வரும், பிரஷரும் ஏறலாம். 70-க்குக் கீழே இருந்து, நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பிரஷரை ஏற்றும் மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், மூக்கடைப்பு மாத்திரைகள் இவற்றில் எதையாவது பெற்றோர் எடுத்திருந்தாலும், வழக்கமான மாத்திரையை விட்டிருந்தாலும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வணக்கம்.