நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் எப்படி 364 ஆகிறது?

[திரையில்: ஒரு பல்ப் கண் கூசும்படி எரிகிறது, அதே வீட்டில் இன்னொன்று மினுக்மினுக்கென்று மங்குகிறது]

வணக்கம். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி அறுந்தால் உங்கள் டிவி அணைந்துவிடும், அவ்வளவுதான்; ஆனால் அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் அறுந்தால் அதே டிவி புகைந்து போகலாம், அப்போதும் அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக அணையும் சுவிட்சான உங்கள் எம்சிபி ஒன்றுமே நடக்காததுபோல் ஆன் நிலையிலேயே நிற்கும்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். தெரு மின்மாற்றியிலிருந்து மூன்று பேஸ்களும் ஒரு நியூட்ரலும் வருகின்றன; பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400 வோல்ட்.

இனி சுவையான பகுதி. ஓர் இரும்பு வளையத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி, மூன்று பேர் மூன்று திசைகளில் நின்று இழுப்பதாகக் கொள்வோம். வளையம் தரையில் அடித்த முளையில் மாட்டியிருக்கும் வரை, யார் எவ்வளவு இழுத்தாலும் அது நகராது. முளையைப் பிடுங்கிவிட்டால் பலசாலியின் பக்கம் வளையம் ஓடிவிடும். முளைதான் நியூட்ரல், ஒவ்வொருவருக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம்தான் அவரவர் பேஸில் கிடைக்கும் மின்னழுத்தம். அதிக மின்சாரம் இழுக்கும் பேஸில் வோல்டேஜ் சரிகிறது. கொஞ்சமாக இழுக்கும் பேஸில் எகிறுகிறது. சிக்கனமாக ஒரு விளக்கை மட்டும் எரிப்பவருக்குத்தான் தண்டனை!

கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு பேஸில் 1000 வாட் ஹீட்டர், இன்னொரு பேஸில் 100 வாட் குண்டு பல்ப், மூன்றாவதில் எதுவும் ஓடவில்லை. ஹீட்டரின் மின்தடை சுமார் 53 ஓம், பல்பின் மின்தடை 529 ஓம். நியூட்ரல் போனதும் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 400 வோல்ட்டுக்குக் குறுக்கே அமர்ந்துவிடுகின்றன. ஹீட்டருக்கு 36 வோல்ட், பல்புக்கு 364 வோல்ட். பல்ப் இருந்த இடத்தில் செல்போன் சார்ஜர் இருந்தால் என்ன ஆகும்? ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் இந்த 364 வோல்ட்டின் உச்ச அளவு ஏறத்தாழ 514 வோல்ட். சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கியோ பெரும்பாலும் 400 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அந்த 'டப்' சத்தம் அதிலிருந்துதான் வருகிறது.

எம்சிபி ஏன் விழவில்லை என்றால், இந்தச் சுற்றில் ஓடுவது 0.69 ஆம்பியர் மட்டுமே, அது பார்ப்பது ஆம்பியரைத்தான். மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் உதவாது, ஏனெனில் வீட்டுக்குள் போன மின்னோட்டம் முழுவதும் கசியாமல் கம்பி வழியாகவே திரும்பிவிடுகிறது. வோல்டேஜ் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் கருவி ஒன்றே இதற்கு மருந்து. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் அது இல்லாமல் இருப்பது வீண் துணிச்சல் என்பேன்.

ஒருமுனை வீட்டுக்குள் மட்டும் நியூட்ரல் விட்டுப்போனால் கதை வேறு: எதுவும் ஓடாது, ஆனால் ஏதாவது ஒரு சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால் பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். கரண்ட் இல்லை என்று நினைத்து அந்தக் கம்பியைத் தொட்டுவிடாதீர்கள்.

இந்த நேரத்தில்தான் சிலர் "எர்த்தை நியூட்ரலாப் போட்டுடலாம் சார்" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். எர்த் குழியின் மின்தடை 10 ஓம் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது 50 வோல்ட் எழும், அது எர்த் கம்பியோடு இணைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடலிலெல்லாம் ஏறி நிற்கும். அந்த எர்த் கம்பியும் அறுந்தால் 230 வோல்ட்டே வந்துவிடும்.

சில விளக்குகள் மங்கி, சில அளவுக்கு மீறி ஒளிர்ந்தால், உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் பியூஸ் கட்டை மாட்டியிருப்பார்கள். அது தனியே எரிந்துபோனால் நாம் பார்த்த அத்தனை வம்பும் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடும். உங்கள் போர்டில் அது இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லி, கமெண்டில் எழுதுங்கள்.