கடாரத்துக் காட்டில் ஒரு கோயிலின் அடித்தளம்

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை போகும் நம்மவர்களில் பலர், அங்கிருந்து சற்றே வடக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள், பார்த்தவர்களிலும் சிலர், "கடாரம் கடாரம் என்றார்களே, இவ்வளவுதானா?" என்று மனம் சோர்ந்து வருகிறார்கள். அந்தச் சோர்வைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

பழைய கடாரம் எனக் கருதப்படும் மலேசியாவின் கெடா மாநிலத்தில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் தென்சரிவில், மெர்போக்கை அடுத்த அருங்காட்சியகத்திலிருந்து மேலேறினால், மரங்கள் சூழ்ந்த ஓடைக்கரையில் சண்டி புக்கிட் பத்து பகாட் என்னும் கோயிலின் எச்சத்தைக் காணலாம். அங்கே கோபுரமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து, பின்னர் ஆய்வாளர் அலஸ்டர் லாம்ப் சீரமைத்த கருவறை மேடையும், அதன் முன்னே தாழ்ந்த மண்டபத் தளமும், தளத்தின் மீது வரிசை பிடித்த கல் பீடங்களுமே எஞ்சியுள்ளன.

அந்தப் பீடங்களைக் குனிந்து பார்க்க வேண்டும். அவை தாங்கியவை மரத்தூண்கள். கூரையும் மரமும் ஓலையுமாகவே இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. நூற்றாண்டுக் கணக்கில் பெய்த மழையில் அவை மட்கிப்போயின. ஆனால் சீரமைப்பின்போது அடித்தளத்தில் குழி குடைந்த கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே பொன்னும் மணிகளும் இருந்தன. கோயில் எழுப்புமுன் நிலத்தில் பொன்னும் மணியும் இட்டுப் புதைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் உரியதே.

ஆக, தரையமைப்பும் சடங்கும் தென்னிந்திய மரபை ஒட்டியவை, கூரையோ இந்த மண்ணுக்குரியது. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தை வென்றதை நினைந்து, இதைச் சோழர் கட்டிய கோயில் என்று சொல்லிவிட நம் நாக்கு துடிக்கிறது. அதற்கு முன்பே, ராஜராஜன் காலத்திலேயே, கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுந்து, அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாகவும் தரப்பட்டதே! இரு கரைக்கும் இடையே அவ்வளவு போக்குவரத்து இருந்தபோது, இங்குள்ளவர்கள் விரும்பி ஏற்று, தங்கள் மரத்தாலும் ஓலையாலும் முடித்த கோயில் என்று இதைக் காண்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படிப் பார்த்தால் நம் பெருமையும் குறையாது.

"இவ்வளவுதானா?" என்ற கேள்விக்கு விலையும் உண்டு. இதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த மற்றொரு பழைய கோயிலின் எச்சம், வீடுகள் கட்டுவதற்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. அது 2013இல் வெளியே தெரிந்து பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நிலம் தனியாருடையது, நின்றதோ வெறும் அடித்தளம். யார் கண்ணில் அது கோயிலாகப் பட்டிருக்கும்?

அருங்காட்சியக வளாகத்தில் நீங்கள் காணும் வேறு சில கோயில்கள் பிற இடங்களிலிருந்து பெயர்த்து வந்து அடுக்கப்பட்டவை. புக்கிட் பத்து பகாட் எழுந்த இடத்திலேயே இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் காட்சிக்கூடத்தைச் சுருக்கிக்கொண்டு, மண்டபத் தளத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, தூண்கள் எங்கெங்கே நின்றிருக்கும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.