கதவில் ஒட்டிய நீலத் தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு பப் இருக்கிறது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வரும்போது அதன் கதவுக் கண்ணாடியில் வெளிர் நீல நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏதோ ஏலமோ விற்பனையோ என்று நினைத்து நின்று படிக்காமல் வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. புது ஆள் ஒருவர் அந்த பப்பை எடுத்திருக்கிறார். மது விற்க லைசென்ஸ் கேட்டு கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, மனு போட்டிருக்கிறார். வெள்ளி, சனி இரவு 1 மணி வரை திறந்திருக்குமாம். பின்பக்கத்துத் தோட்டத்தில் மேசை நாற்காலி போடுவார்களாம். அந்தத் தோட்டத்துக்கு நேரே எங்கள் படுக்கையறை ஜன்னல்.

அந்த நீலத் தாளைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. முதல் கடிதத்தைத் தப்பாக எழுதி, பிறகு திருத்தி எழுதிய பக்கத்து வீட்டுக்காரன், அவ்வளவுதான். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

தாள் நீலமாக இருப்பது கடைக்காரரின் ரசனை அல்ல, விதி. குறைந்தது ஏ4 அளவு, வெளிர் நீலம், கறுப்பு எழுத்து, எழுத்தின் அளவு 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. தெருவில் போகிறவர் நின்று படிக்கும்படி 28 நாள் அங்கேயே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த 28 நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் போலீஸ், தீயணைப்புத் துறை, கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு போன்றவர்கள் கருத்துச் சொல்லலாம். நீங்களும் நானும் சொல்லலாம். ஒரு காலத்தில் பக்கத்தில் குடியிருப்பவர்தான் எழுதலாம் என்று இருந்தது. 2012 முதல் அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

ஒருவருமே எழுதவில்லை என்றால்? மனு முறைப்படி இருந்தால் கவுன்சில் லைசென்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும். விசாரணை கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. அலுவலகத்திலேயே காரியம் முடிந்துவிடும். “கவுன்சில் எப்படி இதை அனுமதித்தது?” என்று பிறகு நாம் டீக்கடைத் தொனியில் கேட்போமே, அதற்குப் பாதி நேரம் பதில் இதுதான்: யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். ஆனால் என்ன எழுதினேன் கேளுங்கள். இந்தத் தெருவில் பிள்ளைகள் வளர்கிறார்கள், குடி குடியைக் கெடுக்கும், ஏற்கெனவே நடந்து போகிற தூரத்தில் மூன்று பப் இருக்கிறது, நாலாவது எதற்கு, வீட்டு விலை இறங்கும், வண்டி நிறுத்த இடம் இருக்காது என்று ஒன்றரைப் பக்கம். கடைசியில், எரிச்சலோடு எரிச்சலாக, பழைய உரிமையாளர் காலத்தில் நள்ளிரவில் காலி பாட்டில்களைத் தொட்டியில் கவிழ்ப்பார்கள், அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப் போடும் என்று ஒரு வரி.

மூன்றாம் நாள் லைசென்ஸ் பிரிவிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். “உங்கள் கடிதத்தில் நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தப் பாட்டில் வரி ஒன்றுதான்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2003ஆம் ஆண்டின் லைசென்ஸ் சட்டம் நான்கே நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. குற்றமும் ஒழுங்கின்மையும் நடக்காமல் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது. ஸ்காட்லாந்தில் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்து ஐந்து. இங்கே நாலுதான். குடிப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வி இதில் எங்கும் இல்லை. இன்னொரு பப் தேவையா என்பதும் இல்லை. அது வியாபாரியின் தலைவலி. வீட்டு விலை பேச்சுக்கே இடமில்லை. வண்டி நிறுத்துமிடம் திட்ட அனுமதிப் பிரிவின் பாடு. நம் ஊர் மதுவிலக்குப் பிரசாரத்தில் கேட்டு வளர்ந்த வார்த்தைகள் அத்தனையையும் நான் அந்தக் கடிதத்தில் கொட்டியிருந்தேன். அவற்றைக் கேட்கவே கூடாது என்று சட்டம் அந்த அதிகாரியின் காதைக் கட்டி வைத்திருந்தது.

சரி, இதெல்லாம் ஏன் கவுன்சில் கையில் இருக்கிறது? 1552ஆம் ஆண்டில் ஆறாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒன்று, மதுக்கடை வைக்க மாஜிஸ்திரேட்டுகளிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது. அன்று தொடங்கி நாலரை நூற்றாண்டு அது அவர்கள் கையில்தான் இருந்தது. 2005 நவம்பர் 24 முதல் கவுன்சிலுக்கு வந்தது. அதோடு எல்லாக் கடைக்கும் பொதுவாக இருந்த மூடும் நேரமும் போனது. இன்று ஒவ்வொரு கடைக்கும் அதன் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நேரம். ஆகவே என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்கு இது புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

இரண்டாம் கடிதம் அரைப் பக்கம். ஜன்னலுக்கும் தோட்ட வேலிக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதினேன். பாட்டில் கொட்டும் தொட்டி எங்கே இருந்தது என்று எழுதினேன். பழைய கடை நடந்த காலத்தில் மகளுக்குப் பரீட்சை. அவள் தூங்க முடியாத இரவுகளை என் மனைவி நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தாள். அந்தத் தேதிகளையும் நேரத்தையும் சேர்த்தேன். முக்கியமாக, “கொடுக்காதீர்கள்” என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, தோட்டத்தை எத்தனை மணிக்கு மூட வேண்டும், பாட்டிலை எப்போது கொட்டக் கூடாது என்று கேட்டேன்.

எதிர்வீட்டு அக்காவும் எழுத ஆசைப்பட்டார். ஆனால் ஒரு பயம். நாம் எழுதும் கடிதம் பெயர், முகவரியோடு மனுதாரர் கைக்குப் போகும். “நாளைக்கு அந்த ஆள் முகத்தில் எப்படி விழிப்பது?” என்றார். நியாயமான பயம்தான். மிரட்டல் வரும் என்று உண்மையான காரணம் இருந்தால் பெயரை மறைக்க வழி உண்டு, ஆனால் அது அபூர்வம். அவருக்காக எங்கள் வட்டாரக் கவுன்சிலர் பேசினார்.

விசாரணை கவுன்சில் கட்டடத்தின் மாடியில் ஒரு சாதாரண அறையில் நடந்தது. ‘ப’ வடிவ மேசை. நடுவில் மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் சட்ட ஆலோசகர். ஒருபுறம் மனுதாரரும் அவருடைய வக்கீலும். மறுபுறம் சுகாதாரப் பிரிவு அதிகாரியும் நாங்களும். போலீஸார் வரவே இல்லை. கேமரா, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், வாசலில் ஆள் நிறுத்துவது என்று அவர்கள் கேட்டதை மனுதாரர் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டாராம். பாதிப் பேச்சுவார்த்தை இப்படி அறைக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். வக்கீல் வைத்திருக்கிறார் என்பதற்காக அவருக்கு ஒரு நிமிடம் கூடக் கிடையாது. அந்த வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அது பழைய உரிமையாளர் காலத்துச் சத்தம்தானே, இவர் என்ன செய்தார்?” நல்ல கேள்வி. தொட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்று மனுவோடு வந்த வரைபடத்தைக் காட்டினேன். தலைவராக இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். பேனாவால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

இசை விஷயத்தில் நான் தோற்றேன் என்றே சொல்ல வேண்டும். காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டம் என்றால், மது விற்கும் பப்பில் இசைக்குத் தனி அனுமதி தேவையில்லை. அந்த நேரத்துக்கு நிபந்தனை போட்டாலும் செல்லாது. பிறகு தொல்லை நிரூபணமாகி லைசென்ஸை மறுபரிசீலனை செய்தால்தான் கட்டுப்படுத்த முடியும்.

மனுதாரரும் பேசினார். மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார். தோட்டத்தை 9 மணிக்கு மூடினால் கோடைக்கால வியாபாரமே போய்விடும், ஜூன் மாதத்தில் அப்போது சூரியனே மறைந்திருக்காது என்றார். அதுவும் உண்மைதானே? அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு நம்மவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இந்த நாட்டில் எத்தனை தமிழர்கள் மூலைக்கடை வைத்திருக்கிறார்கள்! பால், பத்திரிகை, கறிவேப்பிலை, அப்புறம் பியர், வைன். அவர்களும் இதே படிவத்தை நிரப்பி, இதே நீலத் தாளை ஒட்டி, இதே மேசையில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள்தான். மனுக் கட்டணம் கடையின் மதிப்பைப் பொறுத்துப் பெரும்பாலும் 100 பவுண்டு முதல் 635 பவுண்டு வரை. ஒருமுறை கிடைத்துவிட்டால் புதுப்பிக்க வேண்டியதில்லை, ஆண்டுக் கட்டணம் கட்டினால் போதும். ஆனால் அதை யாரும் எப்போதும் மறுபரிசீலனைக்கு இழுக்கலாம். மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். வயது குறைந்த பிள்ளைக்கு விற்றுவிட்டால் அந்த ஆபத்து பக்கத்தில் வந்துவிடும்.

கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் மறுப்புப் புத்தகத்தைப் பெருமையாகக் காட்டினார். அடையாள அட்டை இல்லாமல் வந்தவருக்கு விற்க மறுத்தால் தேதி போட்டுக் குறிக்கிற நோட்டு அது. ஆறு மாதமாக ஒரு வரிகூட இல்லை. “பிரச்சினையே இல்லை பாருங்கள்” என்றார். அதைப் பார்க்கும் அதிகாரி, இவர் யாரையுமே கேட்பதில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். மூன்று பேரும் எழுந்து உள்ளே போனார்கள். ஏறக்குறைய நாற்பது நிமிடம். நானும் மனுதாரரும் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்கு மிட்டாய் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

தீர்ப்பு வந்தது. லைசென்ஸ் உண்டு. வெள்ளி, சனி 1 மணி என்பது நள்ளிரவு 12 ஆனது. தோட்டம் இரவு 10 மணிக்கு மூட வேண்டும். இரவு 9 முதல் காலை 8 வரை பாட்டில் கொட்டக் கூடாது. தொட்டியை மறுபக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும். தெருவாசிகள் கூப்பிட ஒரு போன் எண்ணை வாசலில் வைக்க வேண்டும். பிடிக்காதவர்கள் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். சுற்றிச் சுற்றி மறுபடி அங்கேதான். நாங்களும் போகவில்லை, அவரும் போகவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு பத்தடிக்கும் முன் ஒரு பையன் தோட்டத்துக்கு வருகிறான். குடைகளை மடக்குகிறான், மேசையில் இருப்பவர்களை உள்ளே வரச் சொல்கிறான், காலி பாட்டில் கூடையைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறான். மறுநாள் காலை எட்டேகாலுக்குத்தான் கண்ணாடிச் சத்தம் கேட்கிறது. அதற்குள் நான் இரண்டாவது டீயில் இருப்பேன். மகள் மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

வணக்கம்.