எந்திர அறையில் அளக்கப்படும் கடல்

நேயர்களுக்கு வணக்கம். வணிகக் கப்பல்களின் எந்திர அறையில் நீண்ட காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். அத்தகைய அறைகளில், உலகின் மிகச் சில கப்பல்களில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு கருவியைப் பற்றி இன்று பேசுகிறேன். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடலின் மேற்பரப்பு நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது அளந்து பதிவு செய்கிறது.

மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பங்கு கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல வேண்டுமானால், பரந்த கடலின் பல இடங்களில், எல்லாப் பருவங்களிலும், பல ஆண்டுகள் தொடர்ந்து நீரை அளந்தாக வேண்டும். ஆராய்ச்சிக் கப்பல்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு தடத்தில் சென்றுவந்தால் மீண்டும் அங்கே போகச் சில ஆண்டுகள் ஆகும். வணிகக் கப்பலோ சில வாரங்களுக்கு ஒருமுறை, சிலவேளை இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதே தடத்தில் வந்து போகிறது. கடல் மிதவை உயிரிகளைச் சேகரிக்கும் கருவியை வணிகக் கப்பல்கள் 1931 முதலே இழுத்துச் செல்கின்றன என்பதால், இந்த ஏற்பாடு மாலுமிகளுக்கு முற்றிலும் புதிதன்று.

எந்திரத்தைக் குளிர்விப்பதற்காக, நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, கப்பலின் உடலில் உள்ள திறப்பு வழியாகக் கடல்நீரை உள்ளே எடுக்கிறோம். அந்த நீர் வந்து சேரும் அறையை நாங்கள் 'சீ செஸ்ட்' என்போம். அங்கிருந்து ஒரு கிளைக் குழாய் மூலம் நீரைக் கொண்டுவந்து, மூடிய கலன் ஒன்றுக்குள் மழைபோல் தூவுகிறார்கள். கலனுக்குள் இருக்கும் சிறிதளவு காற்று, நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கியோ நீருக்குக் கொடுத்தோ, விரைவில் நீரோடு சமநிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு அந்தக் காற்றின் ஈரத்தை நீக்கி, அகச்சிவப்புக் கதிர் செல்லும் பகுப்பாய்வுக் கருவிக்குள் செலுத்தினால், கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு வாயுவின் அளவு தெரிந்துவிடும். கருவி நேராகப் படிக்கிறதா என்று பார்க்க, செறிவு துல்லியமாகத் தெரிந்த வாயு உருளைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த வாயுக்களும் கருவிக்குள் செலுத்தப்படுகின்றன. ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றைக் கப்பலின் முன்பகுதியிலிருந்து எடுக்கிறார்கள். புகைபோக்கியின் அருகே எடுத்தால், அளக்க வேண்டிய அதே வாயு எங்கள் எந்திரத்திலிருந்தே வந்து கலந்துவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வெப்பநிலைச் சிக்கல்தான். உலகக் கடல்கள் அனைத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், காற்றுக்கும் நீருக்கும் இடையே இந்த வாயுவின் அழுத்தத்தில் உள்ள வேறுபாடு ஒரு சில மைக்ரோ அட்மாஸ்பியர், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் சில பங்கு, மட்டுமே. அவ்வளவு சிறிய வேறுபாடுதான் கால் பங்கு வாயுவைக் கடலுக்குள் தள்ளுகிறது. ஆகவே அளவில் வரும் பிழை 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் வரையறுத்திருக்கிறார்கள். நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அதிலுள்ள வாயுவின் அழுத்தம் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக உயரும். அதாவது 400 என்று இருக்க வேண்டியது 417 ஆகிவிடும். வெப்பநிலையை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறாகக் குறித்தாலே, அனுமதிக்கப்பட்ட பிழை அநேகமாக முழுவதும் தீர்ந்துவிடுகிறது. எந்திர அறையின் வெப்பம் எப்படிப்பட்டது என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அதனூடே வரும் குழாயில் நீர் சூடாகாமல் இருக்காது. எனவே நீர் நுழையும் இடத்தில் ஒரு வெப்பமானியும் கலனில் மற்றொன்றும் வைத்து, வேறுபாட்டைக் கணக்கிட்டுத் திருத்துகிறார்கள். குழாய்க்குள் சிப்பிகளும் நுண்ணுயிரிகளும் படிந்து வளர்ந்தால், அவை மூச்சுவிடும் வாயுவும் நீரில் சேரும் என்பதால் அதையும் கவனித்துத் துப்புரவு செய்ய வேண்டியிருக்கிறது.

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜெர்மனியின் லூபெக் துறைமுகப் பகுதிக்கும் இடையே, பயணிகளையும் லாரிகளையும் ஏற்றிச் செல்லும் 'ஃபின்மெய்ட்' என்ற கப்பலில், வார்னெமுண்டேயில் உள்ள பால்டிக் கடல் ஆய்வு நிறுவனத்தின் கருவி இயங்குகிறது. அந்தத் தடத்தில் அளவீடு 2003-இல் வேறொரு கப்பலில் தொடங்கியது. குளிர்காலத்தில் 500 மைக்ரோ அட்மாஸ்பியரை ஒட்டி நிற்கும் அழுத்தம், வசந்தத்தில் பாசிகள் பெருகத் தொடங்கியதும் சரிந்து, கோடையில் 150-க்கும் கீழே போவதை அந்த அளவீடு பயணத்துக்குப் பயணம் காட்டியது. பாசிகளுக்கு நைட்ரஜன் தரும் சத்தான நைட்ரேட் தீர்ந்துபோன பிறகும் அழுத்தம் தொடர்ந்து குறைந்ததைக் கண்டபோது, அவற்றுக்கு வேறெங்கிருந்து நைட்ரஜன் கிடைக்கிறது என்ற கேள்வி எழுந்தது. எப்போதோ ஒருமுறை வந்துபோகும் ஆராய்ச்சிக் கப்பலுக்கு இந்தத் தொடர்ச்சி கிடைத்திருக்காது.

பிரிட்டனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் இடையே வாழைப்பழம் ஏற்றிச் சென்ற கப்பல்களில், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தார் எடுத்த அளவுகள் இன்னும் பெரிய செய்தியைச் சொல்லின. 1990-களின் நடுப்பகுதியோடு 2002 முதல் 2005 வரையிலான காலத்தை ஒப்பிட்டு 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வட அட்லாண்டிக் கடல் அத்தடத்தில் வாங்கிக்கொண்ட வாயு குறைந்திருந்தது; அதன் வடகிழக்குப் பகுதியில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. கடல் ஆண்டுதோறும் ஒரே அளவாக வாங்கிக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது என்பது அப்போது விளங்கிற்று.

இத்தகைய அளவுகளையெல்லாம் ஒன்று சேர்க்கும் 'சோகாட்' என்ற பன்னாட்டுத் தொகுப்பு 2011-இல் முதன்முதலாக வெளியானபோது அதில் 63 லட்சம் பதிவுகள் இருந்தன. 2023 பதிப்பில் அவை மூன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டன. ஆனால் 2017-க்குப் பிறகு ஆண்டுதோறும் எடுக்கப்படும் அளவுகள் குறைந்துள்ளன. ஒரு கப்பல் விற்கப்பட்டாலோ வேறு தடத்துக்கு மாற்றப்பட்டாலோ, பத்தாண்டு தொடர்ந்த வரிசையும் அங்கேயே அறுந்துவிடும். கப்பல் உரிமையாளரிடம் இசைவு பெறுவதும் எளிதன்று. புதிதாக ஒரு கடல்நீர்க் குழாய் என்றால், அது கசிந்தால் என்ன ஆகும் என்றுதான் எந்தத் தலைமைப் பொறியாளரும் முதலில் கேட்பார், நானும் கேட்டிருப்பேன்.

அளவெடுத்த தடங்களை வரைபடத்தில் பார்த்தால், அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் நெருக்கமாகத் தெரியும் கோடுகள், இந்தியப் பெருங்கடலில் மிக அரிதாகவே காணப்படுகின்றன. இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குச் சற்றுத் தெற்கே, உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களுள் ஒன்று செல்கிறது. அந்தத் தடத்தில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்கள் பம்புகள் மணிக்குப் பல நூறு டன் கடல்நீரை உள்ளே இழுத்து, எந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வெளியேற்றின. அந்த நீரில் என்ன கரைந்திருந்தது என்று நாங்கள் ஒருநாளும் அளந்ததில்லை. அளப்பதற்கான கருவி எங்கள் கப்பல்களில் இருக்கவில்லை.