லாபம் வரட்டும், பார்ப்போம்

[காட்சி: குச்சவெளிக் கடற்கரை, காலை. கம்பு நட்டுப் பழைய வலை விரித்த பரண்கள், அவற்றின் மேல் நெத்தலி. யாரோ காகம் கலைக்கும் சத்தம்.]

வணக்கம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே வந்தால், குச்சவெளியைக் கண் காண்பதற்கு முன்னமே மூக்கு கண்டுபிடித்துவிடும். கருவாடு காய்கிறது. காலையில் பரப்பிய மீனை உச்சி வெயிலுக்குள் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் வியர்த்துப் பழுதாகிவிடும். பச்சை மீனில் முக்கால்வாசி தண்ணீர்தானே. மூன்று நான்கு கிலோ பரப்பினால் ஒரு கிலோதான் மிஞ்சும். உப்புக்குத் தூரம் போக வேண்டியதில்லை, நிலாவெளியில் உப்பளம் இருக்கிறது.

கருவாடு போடும் விதத்தை இன்னொரு நாள் பார்ப்போம். இன்றைய கேள்வி வேறு. இப்படி ஒரு சின்னத் தொழில் நடத்துகிறவர், வரும் லாபத்தில் ஒரு பங்கு ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளிகளின் வைத்தியத்துக்கும் போகட்டும் என்று நினைக்கிறார். அப்படி நினைப்பவர்களுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. ஆனால் காசு போய்ச் சேருவது அபூர்வம். ஏன்?

[காட்சி: மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி, பக்கத்தில் கல்குலேட்டர்.]

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் மச்சானும் டவுனில் ஒரு பலசரக்குக் கடை போட்டோம். லாபத்தில் பத்து வீதம் பள்ளிக்கூடத்துக்கு என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னோம். டிசம்பர் வந்தது. நவம்பரில் ஒரு ஃபிரீசர் வாங்கியிருந்தோம். மச்சான் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தமுறை லாபம் இல்லையடா" என்றான். ஃபிரீசரை ஒரே வருடத்துச் செலவாக எழுதியதைக் கேட்டால் எந்தக் கணக்காளரும் சிரிப்பார், அது வேறு விஷயம். அடுத்த வருடம் கூரைத் தகடு மாற்றினோம். மூன்றாம் வருடம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. லாபம் என்பது கடைசியில் மிஞ்சுவது. அது மிஞ்சாமல் போக ஆயிரம் நியாயமான காரணம் கிடைக்கும்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தியா இதைச் சட்டமாகவே போட்டது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மூன்று ஆண்டுச் சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் ஃபிரீசர் வாங்கித் தப்ப முடியாது.

சின்னக் கடைக்கு எந்தச் சட்டமும் வரப்போவதில்லை. ஆனால் நமக்குத் தோதான வழியைத் தமிழ் வியாபாரிகள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னமே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

[காட்சி: வரைபடம். சந்தை, மூடைகள், ஒரு பொதுப் பெட்டி. ஒவ்வொரு மூடையும் நகரும்போது பெட்டியில் ஒரு காசு விழுகிறது.]

அதன் பெயர் மகமை. விருதுநகர் நாடார் வணிகர்கள், கைமாறும் மூடை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பொதுப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். உனக்கு லாபமா நட்டமா என்று மகமை கேட்காது. மூடை நகர்ந்தால் காசு விழும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தொடங்கிய சத்திரிய வித்யாசாலா இப்படி வளர்ந்த பள்ளிக்கூடம். வீடு வீடாகப் பிடி அரிசியும் சேர்த்தார்கள். பிற்காலத்தில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரான காமராஜர் படித்தது அங்கேதான்.

கிண்ணியாவிலோ மூதூரிலோ கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவரிடம் கேட்டால், மார்க்கம் கட்டாயமாக்கிய கொடையான ஸகாத்தைச் சொல்வார். அதுவும் இந்த வருடம் லாபம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் 2.5 வீதம். சரக்கு, காசு எல்லாம் கணக்கில் வரும். இரண்டு முறையிலும் கடைக்காரரின் மனநிலைக்கு இடம் கொடுக்கவில்லை பாருங்கள்.

சரி, கருவாட்டுக்கு வருவோம். கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். மாதம் 800 கிலோ விற்கிறீர்கள். கிலோவுக்கு 10 ரூபாய் பெட்டிக்கு. கடல் நன்றாக இருக்கும் 7 மாதத்தில் 5,600 கிலோ, அதாவது 56,000 ரூபாய்.

அப்புறம் வாடை தொடங்கிவிடும்.

[காட்சி: மழை. வெறும் பரண்கள். கரையில் ஏற்றிக் கவிழ்த்த தோணிகள்.]

நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிழக்குக் கடல் கொந்தளிக்கும், வானமும் மூடியிருக்கும். மீனும் குறைவு, வெயிலும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் புது வகுப்பு தொடங்குவது வழக்கமாக ஜனவரியில். சப்பாத்து, கொப்பி, பை எல்லாம் ஒரே கிழமையில் வாங்க வேண்டும். வருமானம் காய்ந்து கிடக்கும் மாதத்தில்தான் செலவு முளைக்கும். ஆகவே 56,000த்தை 7ஆல் வகுக்காதீர்கள், 12ஆல் வகுங்கள். மாதத்துக்கு 4,666 ரூபாய் வரும். சீசனில் அதற்கு மேல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது. ஜூலையில் தாராளமாகக் கொடுத்துவிட்டு டிசம்பரில் கைவிரிப்பதைவிட மோசமானது எதுவுமில்லை என்பது என் எண்ணம். கொடுக்காமலே இருந்தால் அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்களே.

இது பெரிய அமைப்புகளுக்கும் நடந்ததுதான். பங்களாதேஷில், ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்துப் பெயர் பெற்ற கிராமீன் அமைப்பும், டனோன் என்ற பிரெஞ்சுத் தயிர்க் கம்பெனியும் 2006இல் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்துச் சேர்த்த தயிரை மலிவாக விற்கத் தொடங்கின. 2008இல் பால் விலை ஏறியது. தயிர் விலையைக் கூட்ட வேண்டி வந்தது. உடனே கிராமத்து விற்பனை சரிந்தது. பிறகு கிண்ணத்தைச் சிறியதாக்கி, டாக்காவில் கூடிய விலைக்கு விற்றுச் சமாளித்தார்கள். செலவு ஏறினால் முதலில் விலகிப்போவது யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள்தான்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இதற்கு நேர்மாறான கதை. அரச வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு தொடங்கினார். காசு கட்டுகிறவர் கொடுப்பதில் மிஞ்சுவது, கட்ட முடியாதவரின் சத்திர சிகிச்சைக்குப் போகிறது. கட்டுகிறவருக்கு வசதியான அறை, மற்றவருக்குப் பாய். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்வார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் (லென்ஸின்) விலை அதிகம் என்று 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். கூர்ந்து பார்த்தால் இதுவும் மகமைதான். மூடைக்குப் பதில் கண்.

[காட்சி: கிண்ணியாப் பாலம், பஸ் ஒன்று கடக்கிறது.]

இனிச் செலவுக்கு வருவோம். "இலங்கையில்தான் எல்லாம் இலவசமாயிற்றே, பிறகு எதற்குப் பெட்டி?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1945இலிருந்து இலவசக் கல்வி, 1980இலிருந்து பாடநூல், 1993இலிருந்து சீருடைத் துணி. அரச ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காசு இல்லை. இதை எந்தக் கருவாட்டுக் கடையும் ஈடுசெய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

செலவு இருப்பது வீட்டுக்கும் அந்த வாசலுக்கும் நடுவில். சீனி வருத்தம் உள்ள ஒரு அம்மா மாதா மாதம் கிளினிக் கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு விடியவே புறப்படுகிறார். பஸ் காசு, சில நாள் ஓட்டோக் கூலி. அன்றைய வேலையும் போச்சு. மருந்து அங்கே இல்லையென்றால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். இரண்டு மாதம் இப்படி நடந்தால் மூன்றாம் மாதம் அவர் போகமாட்டார். கால் புண் பெரிதாகிய பிறகுதான் போவார்.

படிப்பும் அப்படித்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வாகனம் நேரே வந்தது ‘பாதை’யில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், ஏறித்தான். 2021 நவம்பரில், புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் அப்படி ஒரு மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். கல்விச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் கொப்பியை எண்ணுவார்கள், வழியை எண்ண மாட்டார்கள்.

ஆகவே மாதம் 4,666 ரூபாயில் ஐந்தாறு பேரின் கிளினிக் பயணமோ, சனிக்கிழமை வந்து கணிதம் சொல்லித்தரும் ஆசிரியரின் போக்குவரத்தோ போதும். பெரிதாகத் தெரியாது. பெயர்ப்பலகை மாட்ட இடமும் இல்லை. அதனால்தான் பலர் இயந்திரம் வாங்கிக் கொடுக்க விரும்புகிறார்கள். சிறுநீரக நோய் உள்ள பகுதிகளில், நம் மாவட்டத்தில் பதவிசிறிபுரப் பக்கத்தைப் போல, குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் உண்மையிலேயே தேவை. ஆனால் அதன் வடிகட்டிச் சவ்வு அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். கரண்ட் பில் வரும். நாடா வெட்டியவர் அதற்கு வரமாட்டார். மாதச் செலவைச் சுமக்க ஆளில்லாத இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

[காட்சி: கொப்பியின் முதல் பக்கம், மிக அருகில். நீல மையில் நான்கு நிரல்கள்.]

கடைசியாகக் கொப்பி. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: கிலோவுக்கு 10 ரூபாய், விற்ற அன்றே. அடுத்த பக்கத்திலிருந்து திகதி, கிலோ, பெட்டிக்குப் போட்டது, கையொப்பம். கையொப்பம் இரண்டு வேண்டும். ஒன்று கடைக்காரருடையது, மற்றது கடையில் பங்கில்லாத ஒருவருடையது. ஓர் ஆசிரியையோ, கிளினிக் போகும் ஒரு தாயோ இருந்தால் நல்லது. வங்கிக் கணக்கும் இரண்டு பேர் பெயரில் இருக்கட்டும்.

வாங்கினவருக்கு என்ன வருத்தம் என்று அதில் எழுத வேண்டாம். "கிளினிக்" என்றால் போதும். சின்ன ஊர், கொப்பி கை மாறும், அந்த வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கும். போட்டோவும் வேண்டாம்.

மாதம் ஒரு முறை, மீன் புரட்டி முடிந்த பிறகு, பரணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிகள்தான் கூட்டலில் பிழை பிடிப்பார்கள்.

[காட்சி: கொப்பி மூடப்படுகிறது. அட்டையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. பின்னணியில் காகம் கலைக்கும் சத்தம்.]