முகம் தெரியாதவங்களோட ஒரே கொட்டகையில தூங்கலாமா?

அட்லாண்டாவிலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, அப்பலாச்சியன் ட்ரெயில்ல தனியா நடக்கறீங்க. ராத்திரி யாருன்னே தெரியாத பத்துப் பேரோட ஒரே கொட்டகையில படுக்கறீங்க. அவங்க நிஜப் பேர்கூடத் தெரியாதுன்னு போன தடவை சொன்னீங்க. எப்படி நம்பறது?" ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மனசுல ஓடிட்டிருக்கு. புதுசா வர்றவங்களுக்கு: அப்பலாச்சியன் ட்ரெயில்ங்கிறது அமெரிக்காவோட கிழக்குப் பக்க மலைகள்ல போற நடைபாதை. ராத்திரி தங்க வழியில அங்கங்க கொட்டகை இருக்கும். நடக்கறவங்க ஒருத்தரையொருத்தர் பட்டப்பேர்லதான் கூப்பிட்டுக்குவாங்க.

ராத்திரி கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது அவங்க யாரோ இல்லம்மா. அது புரியணும்னா ஒரு நாள் நடையைச் சொல்லணும்.

ஸ்மோக்கி மலையில கூவோஹி உச்சி இருக்கு. கிளிங்மன்ஸ் டோம்னு சொல்லிட்டிருந்தாங்களே, அதுக்கு 2024ல அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களோட பழைய பேரையே திரும்ப வச்சாங்க. 2,025 மீட்டர், மொத்தப் பாதையிலயும் இதுதான் உயரம். அங்கேர்ந்து நியூஃபவுண்ட் கேப்ங்கிற கணவாய் சுமார் 13 கிலோமீட்டர். அங்க குறுக்கே போற ரோட்டைத் தாண்டி இன்னும் 5 கிலோமீட்டர் ஏறினா ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் கொட்டகை. ஏப்ரல் மாசம் போனேன். ஜார்ஜியாவுல கிளம்பி வடக்கே மெயின் மாநிலம் வரைக்கும் 3,500 கிலோமீட்டர் நடக்கறவங்க அந்தப் பக்கம் வர்ற சமயம்.

காலையில ஒரே மூடுபனி. ஒரு பெரியவர், தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர், என்னைத் தாண்டிப் போனார். ஒரு மணி நேரம் கழிச்சு அவர் தண்ணி பிடிச்சிட்டிருந்தார், நான் தாண்டினேன். அப்புறம் மறுபடி அவர். தாண்டும்போதெல்லாம் நாலு வார்த்தை. முட்டி வலி, பேத்தி, இன்னைக்கு மழை வருமா. நர்ஸிங் படிக்கிற ரெண்டு பொண்ணுங்களும் இப்படித்தான் பழக்கமானாங்க. நியூஃபவுண்ட் கேப்ல யாரோ கார் டிக்கியைத் திறந்து வச்சு நடக்கறவங்களுக்கெல்லாம் ஆரஞ்சு குடுத்திட்டிருந்தாங்க. அங்க எல்லாருமே நின்னோம். இதுக்கப்புறம் சாயங்காலம் அதே முகங்களைக் கொட்டகையில பார்க்கும்போது, ரயில்ல எதிர் சீட்டுல பகல் முழுக்க வந்தவங்களைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

கொட்டகையில ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். வந்தவங்க தேதி, பட்டப்பேர், நாளைக்கு எதுவரைக்கும்னு எழுதுவாங்க. பின்னால வர்றவங்க அதைப் படிச்சிட்டே வருவாங்க. ஒருத்தர் எழுத்து திடீர்னு நின்னுபோச்சுன்னா, "அவரைப் பார்த்தீங்களா?"ன்னு பாதை முழுக்க விசாரிப்பாங்க. நிஜப் பேர் தெரியாட்டியும் ஆள் காணோம்னா தெரியும்.

அதுக்காகக் கண்ணை மூடிட்டு நம்பச் சொல்லலை. ரோட்டுப் பக்கத்துல இருக்கிற கொட்டகைன்னா கொஞ்சம் உஷாரா இருங்க, அங்க பாதையில நடக்க வராத வெளியாளுங்களும் வரலாம். ஒருத்தர்கிட்ட மனசு ஒப்பலைன்னா காரணம் தேடாதீங்க, பையைத் தூக்கிட்டு நகர்ந்துடுங்க. எங்க தங்கப் போறீங்கன்னு அவர்கிட்ட சொல்லவும் வேண்டாம். வீட்டுல ஒருத்தர்கிட்ட மட்டும் திட்டத்தை முழுசா குடுத்துட்டுப் போங்க.

ஆனா தங்கச்சி, நீங்க இதைவிட முக்கியமா கேட்டிருக்க வேண்டியது, யார் வேகத்துல நடக்கிறதுன்னு. ரெகுலரா பார்க்கறவங்களுக்கு நான் என்ன சொல்வேன்னு தெரியும். உங்க வேகத்துல நடங்க! துணை வேணும்னு அடுத்தவங்க வேகத்துக்கு ஓடினா ரெண்டாம் நாளே கால் கொப்பளிச்சிடும். அந்த நர்ஸிங் பொண்ணுங்கள்ல ஒருத்தி வேகம், இன்னொருத்தி நிதானம். பகல்ல பிரிஞ்சே நடந்தாங்க, சாயங்காலம் ஒண்ணா சமைச்சாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

எம்மா கேட்வுட் அம்மாவைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்றேன். 11 பிள்ளைங்க பெத்தவங்க. 1955ல, 67 வயசுல, கையால தைச்ச ஒரு பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, மழைக்கு ஒரு பாத்ரூம் திரைச்சீலையை வச்சுக்கிட்டு முழுப் பாதையையும் தனியா நடந்தாங்க. வழியில முன்பின் தெரியாதவங்க வீட்டுல சாப்பிட்டிருக்காங்க, தூங்கியிருக்காங்க. யார் வேகத்துக்கும் அவங்க ஓடலை.

நீங்க அட்லாண்டாவுல இருக்கீங்க, ஸ்மோக்கிக்குக் கார்லயே போயிடலாம். ஒரு ராத்திரிக்கு மட்டும் போய்ப் பாருங்க. அங்க கொட்டகையில தங்க பெர்மிட் வேணும், இடம் முன்கூட்டியே பதிவு பண்ணணும். சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாம கம்பியில ஏத்திக் கட்டணும். அதை எப்படிக் கட்டறதுன்னுதான் அடுத்தவர் கேட்டிருக்கார், அதுக்கு வரேன்.